வேப்பிலை கவ்விய மரங்கொத்தி

இலுப்பைச் சரிவுக் காட்டில் குங்குமன் என்று ஒரு மரங்கொத்தி இருந்தான். தலையில் சிவப்புக் கொண்டை, நெஞ்சு நிறையக் கர்வம். கர்வப்படக் காரணமும் இருந்தது. மரத்தைத் தட்டிப் பார்த்து அதன் நோயைச் சொல்லத் தெரிந்தவன் அந்தக் காட்டிலேயே அவன் ஒருவன்தான்.

காட்டின் நடுவில் வயதான இலுப்பை மரம் ஒன்று நின்றது. அதன் வயிற்றில் பெரிய பொந்து. அதுதான் எல்லோருக்கும் பொதுவான களஞ்சியம். கோடையில் கிடைத்த கொட்டை, கிழங்கு, நெல்லி வற்றல், காய்ந்த இலுப்பைப் பூ என்று ஆளாளுக்குக் கொண்டுவந்து அதில் போடுவார்கள். போட்டதற்கு அடையாளமாகக் குன்றிமணி வாங்கிக்கொள்வார்கள். அதிகம் போட்டவருக்கு அதிக மணி. அடைமழை பிடித்து வெளியே தலைகாட்ட முடியாத நாட்களில், மணிக்கு ஏற்ற பங்கைப் பொந்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நடுவில் ஓர் அவசரம் வந்தால்? மணியை இன்னொருவரிடம் கொடுத்து, வேண்டியதை மாற்றிக்கொள்ளலாம். மரம் திடமாக இருக்கிறது என்று சேதி வந்தால் மணிக்கு மவுசு ஏறும். ஒரு மணிக்குக் கூடு நிறைய நெல்லிக்காய் கிடைக்கும். மரத்துக்குக் கேடு என்று சேதி வந்தால், அதே மணியை ஏறெடுத்துப் பார்க்க ஆள் இருக்காது.

ஆக, சேதிதான் சோறு. அந்தச் சேதியை முதலில் அறிகிறவன் குங்குமன். அவன் அதை வேண்டியவர் காதில் போட்டுவிட்டால் மற்றவர் கதி என்ன? காட்டு ஜீவன்கள் இதை யோசிக்காமல் இல்லை. அதற்கென்றே ஒரு வழக்கம் வைத்திருந்தன.

மழைக்கு முன்பாக ஒரு நாள் காலையில் மரங்கொத்தி பொந்தைச் சோதிப்பான். வெளியே வந்ததும் வேப்பமரத்தில் ஓர் இலையைக் கிள்ளி அலகில் கவ்விக்கொள்வான். அந்தி வரை அதை விடக் கூடாது. பேசக் கூடாது, தின்னக் கூடாது. ஏன் அந்தி? பகலில் ஓடியாடும் அணில் இன்னும் தூங்கப் போகாத நேரம் அது. இரவில் விழிக்கும் முள்ளம்பன்றி எழுந்துவிட்ட நேரமும் அதுதான். அப்போது எல்லோரும் பாறையடியில் கூடுவார்கள். இருவாச்சிப் பறவை உரக்கக் குரல் கொடுக்கும். மரங்கொத்தி இலையைக் கீழே போட்டுவிட்டுச் சேதியைச் சொல்வான். ஒருவர் காதில் முன்னால், இன்னொருவர் காதில் பின்னால் என்ற பேச்சே கிடையாது.

"கசப்பா இருக்குமே அண்ணே, பகல் முழுக்க எப்படித்தான் தாங்குறீங்க?" என்று பூவாலி அணில் ஒருமுறை கேட்டாள்.

"நான் கவ்வுற கவ்வுல அந்த இலைக்கே என் மேல மரியாதை வந்துடும், தங்கச்சி!" என்றான் குங்குமன்.

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அந்த வருஷமும் சோதனை நாள் வந்தது. குங்குமன் இலுப்பை மரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தான். 'டொக், டொக்' என்றது மரம். வடக்குப் பக்கம் வந்தான். 'பொத்' என்றது. இன்னொரு முறை தட்டினான். 'பொத்!'

பொந்துக்குள் நுழைந்து பார்த்தான். மேலே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கீழே இறங்க இறங்கப் பூசண நாற்றம் மூக்கைத் துளைத்தது. வடக்குப் பக்கத்து விரிசல் வழியாக நீர் கசிந்து, அடியில் இருந்த கிழங்கும் கொட்டையும் கறுத்துக் கூழாகிக் கிடந்தன. மேலே கொஞ்சம்தான் தேறும். இதை நம்பி ஒரு காடே மழைக்காலத்தை ஓட்ட வேண்டும்!

குங்குமன் வெளியே வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. வேப்பமரத்துக்குப் பறந்து போய் ஓர் இலையைக் கிள்ளிக் கவ்விக்கொண்டு, ஒரு காய்ந்த கிளையில் ஒண்டி உட்கார்ந்தான்.

அவனைத் தேடி நரையன் கீரி வந்தான்.

நரையனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தக் கோடையில் குங்குமனின் குஞ்சுகள் கண் திறக்காமல் இருந்தபோது, சாரைப்பாம்பு ஒன்று மரமேறியது. தாயும் தகப்பனும் கத்திக் கதறினார்கள். வழியில் போய்க்கொண்டிருந்த நரையன்தான் பாய்ந்து, பாதி மரம் ஏறிவிட்ட பாம்பின் வாலைக் கவ்விக் கீழே இழுத்துப் போட்டான். பாம்பு செத்தது. நரையனின் ஒரு காது கிழிந்தது. அந்தக் காதைப் பார்க்கும்போதெல்லாம் குங்குமனுக்கு நெஞ்சு அடைக்கும். 'இவனுக்கு நான் என்ன செய்யப் போகிறேன்?' என்று தவிப்பான். அந்தத் தவிப்பு பொய்யில்லை.

"தம்பி குங்குமா! இலை கவ்வியாச்சா? நல்லது. வாயைத் திறந்துடாதே. வழக்கம்னா வழக்கம்தான்" என்றான் நரையன். மரத்தடியில் சாவகாசமாக உட்கார்ந்தான். கிழிந்த காதைப் பின்னங்காலால் சொறிந்தான். எதைச் சொறிந்தால் எங்கே வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"மழை வரப் போகுது தம்பி. இந்தக் காது இப்பவே விண்விண்ணுன்னு தெறிக்குது. அது கெடக்கட்டும். உன் குஞ்சுங்க பறக்க ஆரம்பிச்சிடுச்சாமே?"

குங்குமன் தலையாட்டினான்.

"அது போதும் எனக்கு! நான் உன்கிட்ட எதுவும் கேட்க வரல. என்கிட்ட கொஞ்சம் மணி கெடக்குது. வச்சுக்கவா, மாத்திடவான்னு மனசு அல்லாடுது. நீ சொல்ல வேண்டாம்! நான் பாட்டுக்குப் பேசுறேன், நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. மரங்கொத்தின்னா கொத்தாமலா இருப்பே? மாத்திடலாம்னா அந்தக் காஞ்ச கிளையில ஒரு கொத்து. வச்சுக்கலாம்னா சும்மா இரு. இலை வாயிலயே இருக்கும். வழக்கத்துக்கும் குத்தம் வராது."

குங்குமன் பறந்து போய்விடலாமா என்று பார்த்தான். போகவில்லை. 'என் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றியவன். பூசணம் பிடித்த மரத்தை நம்பிப் பட்டினி கிடப்பானா? அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பதா? நான் பேசப் போவதில்லையே! எனக்கென்று எதுவும் எடுக்கப் போவதும் இல்லையே! என் மணிகளைக்கூட மாற்றப் போவதில்லை. எல்லோரையும் போல நானும்தான் நஷ்டப்படப் போகிறேன். இதில் என்ன பாவம்?'

மனசு ஒரு காரியத்தைச் செய்ய முடிவு செய்துவிட்டால், காரணங்களுக்கா பஞ்சம்? ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

குங்குமன் குனிந்தான். காய்ந்த கிளையில் ஒரே ஒரு கொத்து.

நரையன் எழுந்து உடம்பை உதறிக்கொண்டான். "நான் எதுவும் கேட்கல. நீயும் எதுவும் சொல்லல" என்றான். கழுவுற மீனில் நழுவுற மீனாகப் புதருக்குள் மறைந்தான்.

குங்குமனுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கோடையிலிருந்து சுமந்த பாரம் இறங்கிய நிம்மதி. அது நெடுநேரம் நிற்கவில்லை. நரையன் மணியைக் கொடுத்தால், அதை வாங்க ஒருவர் வேண்டும் அல்லவா? அந்த ஒருவரைப் பற்றி அவன் நினைத்தே பார்க்கவில்லை.

பக்கத்து நாவல் மரத்தில் பூவாலி குடியிருந்தாள். அவள் புருஷனைப் பருந்து கொண்டுபோய்விட்டது. பால்குடி மறந்த குட்டிகளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகக் கோடை முழுவதும் ஓடி ஓடிச் சேர்த்திருந்தாள். அவள் கூடு நிறைய வற்றலும் கொட்டையும் இருந்தன. ஆனால் கூடு ஒழுகும். மழை வந்தால் எல்லாம் நனைந்துவிடுமே என்று அவளுக்கு ஓயாத கவலை. நரையன் நேரே அந்த நாவல் மரத்தடிக்குத்தான் போனான். மேலே இருந்த குங்குமனுக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது.

"பூவாலி! தங்கச்சி! ஒரு உதவி செய்யணும்."

"என்ன நரையண்ணே?"

"ஓடைக்கு அந்தப் பக்கம் என் மச்சினன் வீட்டுக்குப் போறேன். அங்கதான் மழைக்காலம் பூரா. இந்த மணிகளை வச்சுக்கிட்டு அங்க நான் என்ன பண்ண? உன்கிட்ட இருக்கிற தீனியைக் குடு. இதெல்லாம் உனக்கு."

பூவாலி மணிகளைப் பார்த்தாள். கண் விரிந்தது. "இத்தனையுமா? என்கிட்ட இருக்கிறதுக்கு இது அதிகமாச்சே, அண்ணே!"

"இருக்கட்டும்மா. புள்ளைகுட்டிக்காரி நீ. ஒழுகுற கூட்டுல வச்சு நனைய விடுறதைவிட, இலுப்பை மரத்துல பத்திரமா இருக்கட்டுமே. அந்தியில நல்ல சேதி வந்துட்டா மணி விலை எங்கேயோ போயிடும். அப்புறம் நானே குடுக்கிறேன்னாலும் என் மச்சினன் விட மாட்டான்!"

பூவாலி வாலைத் தூக்கிக்கொண்டு யோசித்தாள். "ஒரு நிமிஷம் அண்ணே, வந்துடுறேன்!" என்றாள். கிளைக்குக் கிளை தாவி வேப்பமரத்துக்கே வந்துவிட்டாள். மூச்சிரைத்தது.

"குங்குமண்ணே! நீங்க காலையில மரத்தைப் பார்த்தீங்களே... நரையண்ணன் மணி தர்றாரு. நான் என் தீனியெல்லாம் குடுத்து..."

அப்போதுதான் அவன் அலகில் இருந்த இலையைப் பார்த்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ! இலை கவ்வியிருக்கீங்க. நான் ஒரு கூறுகெட்டவ! உங்ககிட்ட கேட்கலாமா? நீங்க ஒரு கண்ணசைச்சாக்கூட அது மத்தவங்களுக்குச் செய்யிற துரோகம் இல்லையா? மன்னிச்சுக்கங்க அண்ணே. நான் கேட்கவே இல்லைன்னு நெனச்சுக்கங்க."

குங்குமன் அசையாமல் இருந்தான். அவன் காலடியில் அதே காய்ந்த கிளைதான் இருந்தது. ஒரு கொத்து போதும். இவள் குட்டிகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் இவளுக்கும் சொன்னால் நரையன் மணியை யாரிடம் மாற்றுவான்? தவிர, வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! இப்படி நினைத்தான் பாருங்கள். காலையில் காற்றில் பறந்த வழக்கம், பூவாலி வந்து நின்றதும் எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது. அவன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தான்.

பூவாலி திரும்பி ஓடினாள்.

நரையனும் அவன் மச்சினன் வீட்டாரும் வற்றலையும் கொட்டையையும் இழுத்து ஓடைக்கு அந்தப் பக்கம் சேர்த்தார்கள். கூடு காலியானது. பூவாலி குட்டிகளைக் கூட்டிவைத்து மணிகளைக் காட்டினாள். "இனிமே மழை எப்படிப் பெஞ்சாலும் நமக்குக் கவலை இல்லடா, கண்ணுங்களா!" என்றாள். கடைக்குட்டி ஒரு மணியை உருட்டி விளையாடியது. குங்குமன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணை மூடினால் காதும் மூடுமா? குட்டிகளின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

தாகம் எடுத்தது. குடிக்கக் கூடாது என்றாலும் நீரைப் பார்த்தாலாவது நெஞ்சு ஆறும் என்று குளக்கரைக்குப் பறந்தான். நீரில் தன் முகத்தைப் பார்த்தவன் திடுக்கிட்டான். இலை கிழிந்திருந்தது! கிளையைக் கொத்தியபோது இலையின் மேல் அலகு இடித்து, நடுவில் ஒரு பொத்தல் விழுந்திருந்தது. கவ்விய இலை முழுசாக இருக்க வேண்டும். பொத்தல் விழுந்த இலையோடு பாறையடிக்குப் போனால் கேள்வி வரும்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கிழிந்த இலையை நீரில் விட்டான். அது மெல்ல நகர்ந்து போயிற்று. பறந்து போய் வேப்பமரத்தில் புதிதாக ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டான். பகல் முழுக்கக் கவ்விய இலையைவிட இது அதிகம் கசந்தது.

பொழுது சாய்ந்தது. தூரத்து மலையில் இடி முழங்கியது. இங்கே சரிவில் ஒரே புழுக்கம், ஓர் இலை அசையவில்லை. எல்லோரும் பாறையடியில் கூடினார்கள். முள்ளம்பன்றி சிலுப்பன் கொட்டாவி விட்டபடி வந்தான். பூவாலி குட்டிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். நரையனும் வந்தான். வராவிட்டால் சந்தேகம் வருமே!

இருவாச்சி குரல் கொடுத்தது. "குங்குமா! சேதியைச் சொல்!"

குங்குமன் இலையைக் கீழே போட்டான்.

"மரம் வடக்குப் பக்கம் உளுத்துப்போச்சு. உள்ளே தண்ணி எறங்கிடுச்சு. அடியில இருந்ததெல்லாம் பூசணம். மேலே கொஞ்சம்தான் தேறும். ஒவ்வொரு மணிக்கும் கால் வயித்துக்குக்கூட வராது."

கூட்டம் 'ஓ!' என்று அலறியது. சிலர் அழுதார்கள். சிலர் காலத்தையே நொந்துகொண்டார்கள். "நல்ல காலம், என்கிட்டக் கொஞ்சம் தனியா இருக்கு" என்று காட்டுப்பன்றி பெருமூச்சு விட்டது.

பூவாலி மட்டும் சத்தம் போடவில்லை. கையில் இருந்த மணிகளைப் பார்த்தாள். மெதுவாகத் திரும்பி நரையனைப் பார்த்தாள். "நரையண்ணே... காலையிலதானே..." என்றாள்.

"எனக்கென்ன தெரியும் தங்கச்சி? நான் ஊருக்குப் போறேன்னுதானே குடுத்தேன்? எல்லாம் தலையெழுத்து!" என்றான் நரையன்.

சிலுப்பன் இதற்குள் பாறையடியில் கிடந்த இலையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டில் நடமாடுகிறவனுக்குக் கண்ணைவிட மூக்கு கூர்மை.

"குங்குமா! இது காலையில கிள்ளின இலையா?"

"ஆ... ஆமாம்."

"காலையில கிள்ளினது வாடிச் சுருண்டு போயிருக்குமே. இது விறைப்பா நிக்குது. பச்சை வாசனைகூடப் போகல. இப்பக் கிள்ளின இலை இது!"

கூட்டம் அடங்கியது. எல்லாக் கண்களும் குங்குமன் மேல் திரும்பின.

"முதல் இலை... காத்துல பறந்துடுச்சு" என்றான் குங்குமன்.

இருவாச்சி அவனை உற்றுப் பார்த்தது. "இன்னைக்கு எங்கே காத்து அடிச்சது, குங்குமா?"

புழுக்கத்தில் எல்லோரும் வியர்த்துப்போய் நின்றார்கள். "நரையன் காலையில மாத்தினான். குங்குமன் புது இலையோட வந்திருக்கான். ரெண்டு பேரும் சிநேகிதம். இது போதாதா?" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

"வேலியே பயிரை மேஞ்சா யார்கிட்டப் போய்ச் சொல்ல!" என்றது இன்னொரு குரல்.

"சத்தியமா ஒரு வார்த்தை பேசல! நான் எதுவும் கேட்கல, அவன் எதுவும் சொல்லல!" என்று குதித்தான் நரையன்.

அப்போது பூவாலி எழுந்து நின்றாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் குரல் உறுதியாக வந்தது.

"குங்குமண்ணனை யாரும் எதுவும் சொல்லாதீங்க! என் வயித்துல அடி விழுந்தது விழுந்தாச்சு. அதுக்காக ஒரு நல்ல மனுசன் மேல பழி போடலாமா? நானே காலையில அவர்கிட்டப் போனேன். என் குட்டிங்க அவர் மடியில விளையாடின குட்டிங்க. எனக்கே அவர் சொல்லல! கண்ணைக்கூட அசைக்கல. வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. எனக்குச் சொல்லாதவரு இன்னொருத்தருக்குச் சொல்லுவாரா?"

குங்குமனால் தாங்க முடியவில்லை. யார் திட்டினாலும் தாங்கியிருப்பான். இவள் நல்லவன் என்று சாட்சி சொன்னதைத் தாங்க முடியவில்லை. பாறையிலிருந்து இறங்கி அவள் முன்னால் வந்து நின்றான்.

"பூவாலி, உனக்குத்தான் சொல்லல. அவனுக்குச் சொன்னேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"வாயால சொல்லல. கிளையில கொத்திச் சொன்னேன். அந்தக் கொத்துலதான் இலை பொத்தல் விழுந்துச்சு. பாம்புகிட்டயிருந்து என் குஞ்சுங்களைக் காப்பாத்தினவன். அந்த நன்றிக்கடனைத் தீர்க்கணும்னு நெனச்சேன்."

கடைக்குட்டி பூவாலியின் வாலைப் பிடித்து இழுத்தது. அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நன்றிக்கடன் உங்களுது அண்ணே. அதை உங்க சோத்தைக் குடுத்துத் தீர்த்திருக்கலாம். என் குட்டிங்க சோத்தை எடுத்துத் தீர்த்துட்டீங்களே!"

குங்குமன் தலை தொங்கியது. கொடுக்க அவனிடமும் சோறு இருந்தது, மணி இருந்தது. நரையன் வந்து கேட்டபோது பறந்து போய்விட்டு, 'பசித்தால் என் பங்கில் பாதியை எடுத்துக்கொள்' என்று அந்தியில் சொல்லியிருக்கலாம். அது அவனுக்குத் தோன்றவே இல்லை. தன் கையில் இருப்பதைக் கொடுப்பது கடினம். ஊராருடைய சேதியைக் கொடுப்பது சுலபம். அவன் சுலபமானதைச் செய்துவிட்டான்.

"நரையா! அவள் தீனியைத் திருப்பிக் கொடு!" என்று இருவாச்சி அதட்டியது.

"கொடுத்துட்டாப் போச்சு! ஓடைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு" என்றான் நரையன். அவன் சொல்லி முடிக்கும்போதே ஓடையின் இரைச்சல் கேட்டது. மலையில் கொட்டிய மழை செந்நீராக, மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அணில் கடக்கிற ஓடையா அது? யானையே யோசிக்கும். "வெள்ளம் வடியட்டும், கொண்டுவந்து தர்றேன்" என்றான் நரையன். மறுநாள் விடிந்ததும் மலைமுதுகு வழியாகச் சுற்றிக்கொண்டு மச்சினன் வீட்டுக்குப் போனான். திரும்பி வரவில்லை. அங்கே அவன் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தானாம். கேட்கக் கோபம் வருகிறதா? வரட்டும். நடந்ததைத்தானே சொல்ல முடியும்!

அடைமழை பிடித்துக்கொண்டது. குங்குமன் தன் மணிகளை எல்லாம் பூவாலியிடம் கொடுத்தான். பூசணம் பிடித்த மரத்தின் மணிகள்தானே, என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்? ஈர மரங்களைக் கொத்திக் கிடைத்த புழு பூச்சியைக் கொண்டுபோய் அவள் கூட்டு வாசலில் வைப்பான். அவள் எடுத்துக்கொள்வாள். திட்ட மாட்டாள், பேசவும் மாட்டாள். திட்டினால் தேவலை என்று அவனுக்கு இருக்கும்.

மழை விடுவதற்குள் கடைக்குட்டி செத்துப்போனது. முதலில் குளிர் கண்டது, அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஈரக் கூட்டில் அதன் பக்கத்தில் ஒரு குன்றிமணி கிடந்தது. குங்குமன் கொண்டுவந்த புழுவை அலகிலேயே வைத்துக்கொண்டு அந்தக் கூட்டு வாசலில் நின்றான். உள்ளே போகவும் தோன்றவில்லை, திரும்பவும் தோன்றவில்லை.

"அண்ணே" என்றாள் பூவாலி. அந்த அந்திக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. "அன்னைக்கு நான் வந்து நின்னப்போ, உங்களுக்கு மனசு வலிச்சுதா?"

"வலிச்சுது" என்றான் குங்குமன்.

"வலிச்சும் வானத்தைப் பார்த்தீங்களா?"

குங்குமன் அழுதான். அவள் உள்ளே போய்விட்டாள்.

வெயில் திரும்பியது. காட்டில் புது வழக்கம் வந்தது. இலை கவ்வுகிறவர், பகல் முழுக்க எல்லோரும் பார்க்கும்படி மொட்டைப் பாறையில் தனியாக உட்கார வேண்டும். அந்தப் பகலில் யாரும் மணி மாற்றக் கூடாது. சோதனைக்கு அடுத்த காட்டிலிருந்து வேறொரு மரங்கொத்தியை வரவழைத்தார்கள். குங்குமனை யாரும் காட்டைவிட்டுத் துரத்தவில்லை. அவன் தன் பழைய மரத்திலேயே இருந்தான். குஞ்சுகள் வளர்ந்து பறந்து போயின.

ஆனால் ஒன்று. பசித்தால் அவன் கொத்தித்தானே ஆக வேண்டும்? ஏதோ ஒரு பட்ட மரத்தில் வெறும் புழுவுக்காக அவன் அலகு படும். அந்தச் சத்தம் கேட்டதும் கீழே போகிறவர்கள் நின்றுவிடுவார்கள். முயல் காதை நிமிர்த்தும். காட்டுப்பன்றி தலையைத் தூக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, "இது யாருக்குப் போற சேதியோ!" என்பார்கள். மேலே குங்குமன் கொத்துவதை நிறுத்திவிடுவான். பாதி வயிற்றோடு கூட்டுக்குத் திரும்பிவிடுவான்.

எல்லோருக்கும் உரிய சேதியை வேண்டியவருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுக்கிறவன், வாயே திறக்காவிட்டாலும், ஏமாந்தவர் வீட்டுச் சோற்றைத் திருடிக் கொடுத்தவனே ஆவான்.